அக்கா இன்னும் சொல்லவில்லை

தென்காசியில் எங்கள் தெரு முழுக்க எனக்கு வாயாடி என்று பெயர். பால் தண்ணீராக இருந்தால் பால்காரரிடம் சண்டைக்குப் போவது நான்தான். பக்கத்து வீட்டு ஆடு எங்கள் முருங்கையைக் கடித்தால் சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கத்துவதும் நான்தான். "இவ வாயில விழுந்து எந்திரிக்க முடியுமா?" என்று மாமி தலையில் அடித்துக்கொள்வாள். அந்த வாயை நம்பித்தான் என் அக்கா ஒரு காரியத்தை என்னிடம் ஒப்படைத்தாள். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஒப்படைத்த நாளிலிருந்து அவளுடைய நிக்காஹ் நாள் வரைக்கும் பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. இன்றைக்கு எண்பது தாண்டியாயிற்று, இப்போதும் எங்காவது பந்தக்கால் ஊன்றுகிற சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏழு வயதாகும்போதே உம்மா மவுத்தாகிவிட்டாள். அவளுடைய உம்மா அதற்கும் முன்பே போய்ச் சேர்ந்தாயிற்று. வாப்பாவின் தங்கையைத்தான் நாங்கள் மாமி என்போம். அவள் விதவையாகி வந்து எங்கள் வீட்டை நடத்தினாள். வாப்பாவுக்குக் குற்றாலத்தில் சீசன் கடை. சாரல் பிடித்தால் மங்குஸ்தான், ரம்புட்டான், பலா. சாரல் விட்டால் தென்காசிச் சந்தையில் தேங்காய். வாப்பா ஒரு நாளும் எங்களைக் கை நீட்டி அடித்ததில்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. அப்படிப்பட்ட மனுஷனிடம் 'மாட்டேன்' என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று கோபக்கார அப்பா உள்ளவர்களுக்குத் தெரியாது.

அக்காவைப் பதினாறு வயதில் செங்கோட்டைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கடை வேலை. பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் கழிந்ததும் கப்பலேறிப் போனவர், ஆறு மாதம் கழித்து ஒரு கடிதம் போட்டார். கடிதத்தில் மூன்று தலாக். என்ன குற்றம், என்ன குறை, ஒரு வரி கிடையாது. பாவி மனுஷன், பிள்ளை எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. அக்கா தலாக்குக்குப் பிறகு காத்திருக்க வேண்டிய இத்தா நாட்களை இருந்து முடித்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பெண் பிள்ளை. நாங்கள் எல்லோரும் குட்டி என்றே கூப்பிடுவோம். அக்காவின் காதுமடலைப் பிடித்துக்கொண்டால்தான் குட்டிக்குத் தூக்கம் வரும். வேறு யார் காதையும் பிடிக்காது. நான் என் காதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன், தட்டிவிட்டுவிடும்.

குட்டிக்கு மூன்று வயது முடிந்த சமயத்தில்தான் குவைத்துச் சம்பந்தம் வந்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் பக்கத்தில் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் போனவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. குவைத்துக்குப் போனவர் என்றால் திரும்பிப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை கடையநல்லூர்க்காரர். அங்கே எண்ணெய்க் கம்பெனியில் சமையல் வேலை. நாற்பது வயது, மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் மூன்று. "அரபு நாட்டு மண்ணை மிதிச்ச மனுசன்" என்று மாமி அந்த ஒரு வார்த்தையிலேயே விழுந்துவிட்டாள்.

சம்பந்தம் பேசியதும் அவர் வீட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. ஒரு அத்தர்ச் சீசா, ஆறு கண்ணாடித் தம்ளர். தம்ளர்களை அரபுப் பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்தார்கள். எங்கள் வீடுகளில் அரபு எழுத்து உள்ள தாளைக் கீழே போட மாட்டோம். கால் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். மாமி ஒவ்வொரு தாளாக நீவி, மடித்து, குர்ஆன் வைக்கிற பலகையில் ஏற்றிவிட்டாள். மத்தியானம் அவள் கண்ணயர்ந்ததும் நானும் அக்காவும் இறக்கிப் பார்த்தோம். ஒரு தாளில் பெரிய படம். வகுப்பறை. வரிசையாகப் பெண் பிள்ளைகள், கரும்பலகைக்கு முன்னால் ஒரு டீச்சர். டீச்சர் தலையில் துணி இல்லை. கழுத்து வரைக்கும் வெட்டிய முடி. இன்னொரு தாளில் ஒருத்தி சோப்புக் கட்டியைக் கன்னத்தில் வைத்துச் சிரித்தாள். நாங்கள் எழுத்துக் கூட்டி அத்தனையையும் வாசித்தோம். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. ஓதத் தெரியும், அவ்வளவுதான்.

"அரபு நாட்டுப் பொம்பளைங்களா அக்கா இது?" என்றேன்.

"பின்ன, அரபுல எழுதியிருக்குல்லா?"

மாமி எழுந்து வந்து பார்த்துவிட்டு, "சேச்சே, இது வெள்ளக்காரியளு. நம்ம ஆளுகளா இப்படி நிப்பாவ?" என்று பிடுங்கி மறுபடி மேலே வைத்தாள். சோப்புக்காரி எங்கள் வீட்டில் குர்ஆனுக்குப் பக்கத்தில் வெகுநாள் இருந்தாள்.

எனக்கு அந்த டீச்சரைப் பார்த்ததிலிருந்து வயிற்றெரிச்சல். நான் வயசுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வயசுக்கு வந்த அன்றோடு பள்ளிக்கூடம் நின்றது. ஏன் என்று கேட்டால், "மார்க்கத்துல அப்படித்தான், அரபு நாட்டுல பொம்பளை வாசப்படி தாண்ட மாட்டா" என்பார்கள். இங்கே பார்த்தால் ஒருத்தி தாண்டிப் போய்க் கரும்பலகையில் எழுதிக்கொண்டு நிற்கிறாள்!

சரி, அது என் கதை. அக்கா கதைக்கு வருகிறேன். நிச்சயம் பேசிய மறு வாரம் செங்கோட்டையிலிருந்து குட்டியின் வாப்பாவைப் பெற்ற அம்மாள் இரண்டு ஆண்களோடு வந்தாள். பலகாரம் தின்றாள், காப்பி குடித்தாள், பிறகு சொன்னாள்: "உம்ம மக வேற மாப்பிள்ளை கட்டுதா. நல்லாருக்கட்டும். ஆனா நிக்காஹ் முடிஞ்ச அன்னிக்கே எங்க பிள்ளைய நாங்க கூட்டிட்டுப் போயிருவோம். தாய் அந்நிய ஆம்பளையக் கட்டுனா பிள்ளை அவகிட்ட இருக்கக் கூடாது. தாயோட தாய் இல்லன்னா அடுத்தது நான்தான். கித்தாப்புல உள்ளதுதான்."

வாப்பா தலையைக் குனிந்துகொண்டு, "உள்ளதுதான்" என்றார்.

அன்று இரவு சோறு பரிமாறும்போது அக்கா, "எனக்கு வேண்டாம் வாப்பா" என்றாள். அவளுக்கு வந்தது அந்த ஒரு வார்த்தைதான். வாப்பா பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவிவிட்டார். "நாளைக்கு என் கண்ணு மூடிட்டா உங்க ரெண்டு பேரையும் யாரும்மா பாப்பா? உனக்கு வயசு இருபது. ஒரு பிடிமானம் வேண்டாமா?" என்று சொல்லி அழுதார். அதற்கு முன் வாப்பா அழுது நாங்கள் பார்த்தது உம்மா மையித்தைத் தூக்கிய அன்றுதான். அதன்பிறகு அக்கா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் பகலில் நேரம் கிடைத்தபோதெல்லாம் மார்க்கச் சட்டம் சொல்கிற கித்தாப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எங்கள் வீட்டுக் கித்தாப் அரபுத்தமிழில் இருந்தது. எழுத்து அரபு, பேச்சு தமிழ். அந்தக் காலத்தில் எங்கள் பெண்கள் பலபேருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, இது தெரியும். தொழுகை, நோன்பு, தீட்டு, குளிப்பு இதற்கெல்லாம் பெண்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆண்கள் விட்டுவைத்த கித்தாப். அக்கா குளிப்புப் பாடத்தோடு நிறுத்தாமல் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். நிக்காஹ் பாடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். செங்கோட்டைக்காரி சொன்னது அதில் அப்படியே இருந்தது. அதற்குச் சில பக்கம் முன்னால் இன்னொன்றும் இருந்தது.

அதை அவள் என்னிடம் சொன்னது அருவியில் வைத்து. சாரல் நேரத்தில் வாப்பா எங்களை வாரத்துக்கு ஒரு நாள் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்த கையோடு குற்றாலத்துக்கு அனுப்புவார். குதிரை வண்டி, முன்னும் பின்னும் திரைச்சீலை, உள்ளே வெள்ளைத் துப்பட்டி போட்ட பெண்கள். மேலகரம் தாண்டும்போது மழைத்தூறல் சீலையை நனைத்து வண்டிக்குள் வரும். எட்டு மாதமாக எனக்கு வெளியுலகம் என்றால் அந்த வண்டிச் சீலையின் ஓட்டைதான். மாமி குட்டியை வைத்துக்கொண்டு கரையில் உட்கார, அக்கா என்னை இழுத்துக்கொண்டு பெண்கள் பக்கத்தில் தண்ணீர் விழுகிற இடத்துக்கே போனாள். அங்கே பக்கத்தில் நிற்கிறவள் பேச்சுக் கேட்காது. என் காதில் வாயை வைத்துக் கத்தினாள்.

"எனக்குச் சம்மதமான்னு கேக்க வருவாவல்லா? நான் பேச மாட்டேன்."

"பேசலன்னா சம்மதம்னுதான எடுத்துக்கிடுவாவ?"

"அது கன்னிப் பொண்ணுக்கு. ஏற்கெனவே கட்டி அறுத்தவ வாயத் தொறந்து சொல்லணும். சொல்லலன்னா நிக்காஹ் இல்ல. கித்தாப்புல இருக்கு."

எனக்குக் குளிரில் பல் அடித்தது. "அப்ப மாட்டேன்னே சொல்லிரு."

"அத்தனை ஆம்பளைக்கு முன்னால எப்படிட்டி வாப்பாவ அவமானப்படுத்த? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சட்டம் சொல்லட்டும்."

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். எங்கள் ஊர் வழக்கம் என்ன என்றால், திரைக்கு அந்தப் பக்கம் நின்று மூன்று தடவை சம்மதம் கேட்பார்கள். மணப்பெண் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பாள். சுற்றியிருக்கிற பெண்களில் ஒருத்தி, "சம்மதம், சம்மதம்" என்று குரல் கொடுத்துவிடுவாள். முதல் கல்யாணமா, இரண்டாவதா என்று யாரும் யோசிப்பதில்லை. வந்தவர்களுக்குப் பெண் குரல் ஒன்று கேட்டால் போதும், போய்விடுவார்கள். மாமி எப்படியும் குரல் கொடுப்பாள்.

"அவ சொன்ன உடனே நீ, 'அக்கா இன்னும் சொல்லல'ன்னு கத்தணும். திரைக்கு இந்தப் பக்கமிருந்து கத்துனா போதும். கேக்க வர்றது மூணே பேரு. உன்னால முடியும். உனக்குத்தான் வாய் இருக்கே."

என்னை அங்கேயே கத்திப் பார்க்கச் சொன்னாள். "அக்கா இன்னும் சொல்லல!" என்று அருவியைப் பார்த்துக் கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. "இன்னும் சத்தமா!" என்றாள். தொண்டை கிழியக் கத்தினேன். தண்ணீருக்குள் நின்று அக்கா சிரித்தாள். அவள் சிரித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அதன்பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்ல? முதல் பயம், சாரலில் நனைந்து தொண்டை கட்டிக்கொள்ளுமோ என்று. மிளகைத் தட்டிப் போட்டு யாருக்கும் தெரியாமல் கஷாயம் வைத்துக் குடித்தேன். இரண்டாவது பயம், தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று. வாயில் துணியைக் கவ்விக்கொண்டு படுத்தேன். பேசினால் விஷயம் வெளியே விழுந்துவிடும் என்று வாயைத் திறப்பதையே குறைத்தேன். "என்னளா, கழுதைக்கு வாயில கொப்புளமா?" என்று மாமி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் அப்படித் தொட்டதும் அழுகை வந்தது. மாமி கெட்டவள் இல்லை. அவளிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் வாப்பாவுக்குப் போய்விடும். வாப்பாவுக்குப் போனால் வாப்பா அழுவார். வாப்பா அழுதால் அக்கா சம்மதம் என்று சொல்லிவிடுவாள். அவ்வளவுதான், குட்டி செங்கோட்டைக்குப் போய்விடும்.

இதில் வாப்பா வேறு, தலாக்கான பெண் என்று குறைத்துச் செய்யக் கூடாதென்று முதல் கல்யாணத்தைவிடப் பெரிதாகச் செய்தார். இரண்டாம் கல்யாணத்துக்கு இருபது பேர் வந்தால் அதிகம். வாப்பா தெருவை அடைத்துப் பந்தல் போட்டார். கடையநல்லூர், புளியங்குடி, செங்கோட்டை என்று ஆள் அனுப்பி அழைத்தார். பந்தக்கால் ஊன்றுகிற ஒவ்வொரு அடியும் எனக்கு நெஞ்சில் விழுந்தது. இருநூறு பேர் வருவார்கள் என்று அவர் சந்தோஷமாகச் சொல்லச் சொல்ல நான் அடுக்களைக்குப் போய் இன்னொரு தம்ளர் கஷாயம் குடித்தேன்.

நிக்காஹ் அன்று காலையில் குட்டிக்குப் பச்சைப் பாவாடை கட்டி அக்கா மடியில் உட்கார்த்தினார்கள். அக்கா காதில் மேலிருந்து கீழ் வரைக்கும் நகை. குட்டி மடலைத் தேடித் தேடிப் பார்த்தாள், நகைதான் கைக்கு அகப்பட்டது. சிணுங்க ஆரம்பித்தாள். பெண்கள் கூட்டத்தில் செங்கோட்டைக்காரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்கு என்று ஒரு புதுப் பெட்டி வாங்கிப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம் செருமல் சத்தம். பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள். பெண்ணுக்கு வக்கீலாக, அவள் சார்பில் பேசுகிறவராக, வந்தது வாப்பாவின் அண்ணன், எங்கள் பெரியவாப்பா. கூட இரண்டு சாட்சிகள். "இன்ன ஊரு, இன்னாரு மகனுக்கு, இன்ன மஹருக்கு உன்னை நிக்காஹ் முடிச்சுக் கொடுக்க என்னை வக்கீலாக்கச் சம்மதமாம்மா?" என்று கேட்டார். அக்கா பேசவில்லை. இரண்டாவது தடவை கேட்டார். அக்கா பேசவில்லை. மூன்றாவது தடவை. குட்டி நகையோடு போராடிக்கொண்டிருந்தாள்.

"சம்மதம்தான், போங்க. பிள்ளை வெக்கப்படுதா" என்றாள் மாமி.

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. திரை ஓரத்தில் நான்கு விரல் இடைவெளி. அதன் வழியாக வாப்பாவைப் பார்த்துவிட்டேன். பெரியவாப்பாவுக்குப் பின்னால், புதுச் சட்டை போட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். மாமியின் குரலைக் கேட்டதும் முகம் முழுக்க ஒரு நிம்மதி. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அந்த முகத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் திரும்பி நடக்கிற செருப்புச் சத்தம் கேட்டது.

அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். திட்டுகிற பார்வைகூட இல்லை. அதைப் பற்றி மேற்கொண்டு எழுத எனக்குத் தைரியம் இல்லை. பிறகு அவள் குனிந்து, காதிலிருந்த நகைகளில் கடைசி வளையத்தைக் கழற்றி, மடலைக் குட்டி கையில் கொடுத்தாள். குட்டி பிடித்துக்கொண்டு உடனே அடங்கிவிட்டாள்.

பந்தலிலிருந்து நிக்காஹ் நடத்திவைக்கிற ஆலிம்சாவின் குரல் கேட்க ஆரம்பித்தது. கல்யாணப் பதிவேடான தஃப்தரில் பெயர் எழுதுகிறார். மாப்பிள்ளை பெயர், வாப்பா பெயர், பெண்ணுக்கு மாப்பிள்ளை கொடுக்கிற மஹர். எழுதி முடித்ததும் குத்பாப் பிரசங்கம், அதன் பிறகு ஒரு நிமிஷம், எல்லாம் முடிந்துவிடும். செங்கோட்டைக்காரி பெட்டியை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டாள்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. பெண்கள் காலை மிதித்துக்கொண்டு ஓடினேன். யாரோ தாவணியைப் பிடித்தார்கள், அது அவர்கள் கையோடு போயிற்று. திரையை விலக்கி, படியிறங்கி, பாவாடை சட்டையோடு, தலையில் துணியில்லாமல், இருநூறு ஆண்கள் உட்கார்ந்திருந்த பந்தலில் போய் நின்றேன்.

"அக்கா இன்னும் சொல்லல!"

அருவியில் கத்திய அதே கத்தல். இங்கேதான் தண்ணீர்ச் சத்தம் இல்லையே. தெருக்கோடியில் கட்டியிருந்த குதிரை மிரண்டது என்று பின்னால் சொன்னார்கள்.

"யாரு வீட்டுக் குமரு இது? தலைல துணியப் போடுட்டி!" என்று ஒருவர் எழுந்தார். பெரியவாப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். ஆலிம்சா பேனாவைக் கையில் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "என்ன சொல்லல?"

"சம்மதம்னு சொல்லல. மாமிதான் சொன்னாவ."

ஆலிம்சா பெரியவாப்பாவிடம் திரும்பினார். "பொண்ணு குரலா கேட்டிய?"

"பொம்பளைக் குரல் கேட்டுச்சு. வழக்கமா அப்படித்தானங்க..."

"பொண்ணுக்கு இது ரெண்டாவதுல்லா? கன்னிப் பொண்ணு பேசாம இருந்தா போதும். இந்தப் பிள்ளை வாயத் தொறந்து சொல்லணும்யா. சொல்லாம நான் முடிச்சு வச்சா நாளைக்கு ஆண்டவனுக்கு யாரு பதில் சொல்ல? போய்க் கேட்டுட்டு வாங்க." தஃப்தரை மூடி அதன்மேல் பேனாவை வைத்துவிட்டார்.

நான் திரைக்குள் ஓடிவந்துவிட்டேன். மறுபடி கேட்டார்கள், மூன்று தடவை. மாமி அக்காவின் தொடையில் கிள்ளுவதைப் பார்த்தேன். அக்கா பேசவில்லை. கடைசியில் வாப்பாவே உள்ளே வந்தார். அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"சொல்லும்மா. வாப்பா கேக்கேன்."

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் தாடையிலிருந்து குட்டியின் பச்சைப் பாவாடையில் சொட்டியது. குட்டி காதுமடலைப் பிடித்தபடி தூங்கிவிட்டிருந்தாள். வாப்பா பிள்ளையைப் பார்த்தார். பிள்ளையின் கையைப் பார்த்தார். பிறகு செங்கோட்டைக்காரி மடியிலிருந்த புதுப் பெட்டியைப் பார்த்தார். முட்டியில் கையூன்றி எழுந்து வெளியே போனார். சொல்லிவிட்டாள் என்று சொல்லப்போகிறார், நான் நினைத்தது அதுதான். அவர் சொன்னால் அதற்கு மேல் கேட்க ஆள் இல்லை.

"என் மகளுக்குச் சம்மதம் இல்லை" என்று வாப்பாவின் குரல் கேட்டது. "எல்லாரும் என்னை மன்னிக்கணும். சோறு ஆக்கியிருக்கு, யாரும் சாப்பிடாமப் போயிராதிய."

மாப்பிள்ளையின் அக்கா தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். செங்கோட்டைக்காரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் வண்டியில் போனாள். குவைத்து மாப்பிள்ளை மட்டும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வாப்பாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் போனாராம். அந்த மனுஷன் மேல் எனக்கு இன்றுவரை மரியாதை உண்டு. தம்ளர்களைத் திருப்பி அனுப்பினோம். சுற்றி வந்த தாள்களை மாமி கொடுக்கவில்லை, அரபு எழுத்தாயிற்றே.

வாப்பா என்னை அடிக்கவில்லை. அந்தச் சாரல் முடிகிற வரைக்கும் என்னோடு பேசவும் இல்லை. அடித்திருக்கலாம். எனக்குத் தெருவில் 'பந்தல்ல வந்து நின்னவ' என்று புதுப் பெயர் வந்தது. வந்த சம்பந்தமெல்லாம் அந்தப் பெயரைக் கேட்டுத் திரும்பிப் போயிற்று. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"திரைக்கு உள்ள இருந்தே ஏன்ட்டி கத்தல? மூணு பேரோட போயிருக்குமே."

வாப்பா முகத்தைப் பார்த்தேன் என்று சொன்னேன். அவள், "ம், அந்த முகத்தப் பாத்தா யாருக்கும் வராது" என்றாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சில்லை.

எனக்கு இருபத்து மூன்றில்தான் நிக்காஹ் ஆயிற்று. மூன்று பேர் வந்தார்கள், மூன்று தடவை கேட்டார்கள். நான் யோசித்து முடிப்பதற்குள் மாமி, "சம்மதம்" என்றாள், அவர்கள் போய்விட்டார்கள். என் விஷயத்தில் சட்டம் அவர்கள் பக்கம். வாயாடி என்று பெயரெடுத்தவள் வாயே திறக்காமல் கல்யாணமாகிப் போனேன். நல்ல மனுஷன்தான் அமைந்தார். அது என் அதிர்ஷ்டம், என் சம்மதம் இல்லை.

அக்கா வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டு முன்னறையில் பெண் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தாள், தையல் தைத்தாள். வாப்பா கண் மூடுகிறவரை பிடிமானம் அவள்தான் அவருக்கு. குட்டியை வயசுக்கு வந்த பிறகும் பள்ளிக்கூடம் அனுப்பினாள். தெருவே பேசியது. "பேசட்டும், அரபு நாட்டுலயே அனுப்புதாவ" என்றாள். அந்தப் பத்திரிகைத் தாளை அதற்குள் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருந்தாள். சோப்புக்காரியை அல்ல, டீச்சரை.

அறுபதுகள் முடிகிற சமயம் குட்டிக்கு நிக்காஹ். அதே வீடு, அதே திரை. நானும் அக்காவும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். கிழவியாகிவிட்ட மாமி முன்னால். அந்தப் பக்கம் செருமல் கேட்டதும் என் உள்ளங்கை வேர்த்துவிட்டது. அக்கா என் கையைப் பிடித்தாள், அவள் கையும் ஈரம். முதல் தடவை கேட்டார்கள். மாமி வாயைத் திறக்கப் போனாள். அக்கா அவள் தோளைத் தொட்டு, "இரிங்க மாமி" என்றாள்.

"சம்மதம்" என்றாள் குட்டி. தெளிவாக, பந்தல் வரைக்கும் கேட்கிற மாதிரி. அந்தப் பக்கம் ஆண்கள் சிரித்தார்கள். "இன்னும் ரெண்டு தடவை கேக்கணும்மா, பொறு" என்று ஒரு குரல் வந்தது. "என்னளா அவசரம், வெக்கங்கெட்டவளே!" என்று மாமி இடித்தாள். கேட்ட அடுத்த இரண்டு தடவையும் குட்டி அதே குரலில் சொன்னாள்.

அக்கா தன் காதுமடலைத் தடவிக்கொண்டே அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. குட்டி முக்காட்டை விலக்கி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கேட்டாவ, சொன்னேன். அதுக்கு ஏன் ரெண்டு பேரும் அழுதிய?" என்றாள்.